வீடு திரும்பிய வேலை

சென்ற மாட்டுப் பொங்கலன்று மாலை என் தங்கை என்னைத் திண்ணைக்கு அழைத்து ஒரு கேள்வி கேட்டாள். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டே காலம் கழித்தவன் நான். ஆயினும் அன்று அவள் கேட்ட கேள்விக்கு உடனே விடை சொல்ல என் நா எழவில்லை.

"அண்ணே, சின்னவள் நாளை மறுநாள் வேலைக்குத் திரும்ப வேண்டுமாம். அனுப்பலாமா, வேண்டாமா? நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் அவள் கேட்பாள்" என்றாள்.

சின்னவள் என்பது அவளுடைய கடைசி மகள். பட்டப் படிப்பை முடித்துவிட்டு 2024-ஆம் ஆண்டிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கைப்பேசி செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். தஞ்சாவூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை வேலை இருப்பதாக ஒருவர் சொல்லியிருந்தார். சம்பளம் இப்போது கிடைப்பதில் பாதிதான். ஆனால் காலையில் போய் மாலையில் வீடு திரும்பலாம். இரண்டில் எது என்பதே கேள்வி.

இதில் தயங்க என்ன இருக்கிறது என்று வாசகர்கள் வினவலாம். தயக்கத்திற்குக் காரணம் உண்டு. இதே திண்ணையில், இதே தங்கை, 2011-ஆம் ஆண்டில் தன் மூத்த மகளைப் பற்றி இதே கேள்வியை என்னிடம் கேட்டாள். அன்று நான் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. "அனுப்பு" என்றேன்.

வெண்ணாற்றங்கரையில் உள்ள சிற்றூர் எங்களுடையது. என் தங்கையின் கணவர் ஐந்து மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தவர். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தால் குறுவை. தண்ணீர் தாமதித்தால் சம்பா ஒன்றே கதி. வானமும் அணையும் கைவிட்ட ஆண்டுகளில் அதுவும் இல்லை. சோற்றுக்குப் பெயர் பெற்ற சோழ நாட்டில் பிறந்தும் கூட்டுறவுக் கடையில் அரிசிக்கு வரிசையில் நின்றவர்கள் நாங்கள் என்று சொன்னால் அது மிகையன்று. அந்த நிலையில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்களைச் சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலைகள் வேலைக்கு எடுக்கின்றன என்ற செய்தி வந்தது. "கெட்டும் பட்டணம் சேர்" என்று நம் முன்னோர் சொல்லவில்லையா? மூத்தவளை நானே அழைத்துச் சென்று விடுதியில் சேர்த்துவிட்டு வந்தேன்.

அந்நாளில் அந்த வட்டாரமே ஒரு பெயரைச் சொல்லி வாழ்ந்தது. நோக்கியா என்ற பின்லாந்து நாட்டு நிறுவனம் 2006-ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூரில் தன் கைப்பேசித் தொழிற்சாலையைத் தொடங்கியிருந்தது. அது செழித்திருந்த காலத்தில் அங்கே நேரடியாக வேலை செய்தவர்கள் மட்டுமே ஏறத்தாழ எட்டாயிரம் பேர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள், கிராமத்துப் பிள்ளைகள். அந்த ஒரு தொழிற்சாலைக்கு உதிரிப் பாகங்கள் செய்து கொடுக்க வேறு பல தொழிற்சாலைகள் சுற்றிலும் முளைத்தன. அவ்வாறு முளைத்தவற்றுள் ஒன்றில் எங்கள் மூத்தவள் வேலை பார்த்தாள். அதன் பெயர் இங்கே வேண்டா.

முதல் மாதச் சம்பளத்தில் தங்கைக்கு ஒரு ஜோடிக் கொலுசு வாங்கி வந்தாள். அப்போது சின்னவளுக்கு எட்டு வயது. கொலுசு ஒலிக்க அவள் தெருவெல்லாம் ஓடியது இன்றும் என் காதில் கேட்கிறது. 2012-இல் மேட்டூர் அணை செப்டம்பரில்தான் திறந்தது. டெல்டாவில் பல ஊர்களில் குறுவை இல்லை. அந்த ஆண்டு அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது மூத்தவளின் சம்பளத்தால் என்பதில் ஐயமில்லை.

அடுத்த ஆண்டு, நடுவில் பிறந்த மகனைச் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்கு அனுப்ப எண்ணினார்கள். முகவருக்குக் கொடுக்கப் பணம் வேண்டும். மூத்தவளின் சம்பளச் சீட்டை நம்பிக் கடன் எடுத்தார்கள். அந்தக் கடன் பத்திரத்தில் பிணையாகக் கையெழுத்திட்டவன் நான்.

2014-இல் அந்தக் கணக்குகள் எல்லாம் பொய்த்தன. நோக்கியா நிறுவனத்திற்கும் இந்திய வருமான வரித் துறைக்கும் இடையே முந்திய ஆண்டிலேயே பெரிய வழக்கு மூண்டிருந்தது. வழக்கின் காரணமாகத் தொழிற்சாலையின் சொத்துகள் முடக்கப்பட்டன. 2014 ஏப்ரலில் அந்நிறுவனம் தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்திற்கு விற்றபோது ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை மட்டும் விற்பனையில் சேராமல் தனித்து நின்றது. ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேறினார்கள். வாங்குபவரின் ஒப்பந்தமும் முடிந்தது. 2014 நவம்பர் 1-ஆம் நாள் உற்பத்தி நின்றது. பெரிய ஆலமரம் சாய்ந்தால் அதன் நிழலில் கடை விரித்தவர்கள் என்ன ஆவார்கள்? சில வாரங்களில் எங்கள் மூத்தவள் வேலை செய்த இடத்திலும் கதவு மூடிற்று.

ஒரு தகரப் பெட்டியும் ஒரு தலையணையுமாக அவள் பேருந்திலிருந்து இறங்கியதை நான் பார்த்தேன். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மூன்று ஆண்டுகள் ஒரே இடத்தில் நின்று ஒரே பாகத்தை ஒரே விதமாகப் பொருத்தியிருந்தாள். அந்தப் பாகம் இல்லாத ஊரில் அந்தத் திறமைக்கு விலை இல்லை. கடனுக்கு நகை போயிற்று. நகை போனதால் திருமணம் மூன்று ஆண்டுகள் தள்ளிப் போயிற்று. இதற்காக அவள் ஒரு நாளும் என்னைக் கடிந்து பேசியதில்லை. அதுதான் எனக்குப் பாரமாக இருந்தது.

அந்நாள்களில்தான் நான் நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டத் தொடங்கினேன். இந்த வேலை எங்கிருந்து வந்தது, ஏன் போயிற்று என்று அறியும் ஆவல். அறிந்தபோது துணுக்குற்றேன். ஜெர்மனியில் போகும் என்ற நகரில் இதே நிறுவனத்தின் தொழிற்சாலை ஒன்று இருந்தது. 2008-இல் அதை மூடினார்கள். ஏறத்தாழ இரண்டாயிரத்து முந்நூறு பேர் வேலை இழந்தனர். கூலி மலிவான ருமேனியாவில், ஜூகு என்ற கிராமத்தில், அதே ஆண்டு புதிய தொழிற்சாலை திறந்தார்கள். மூன்றே ஆண்டுகள், 2011-இல் அதையும் மூடுவதாக அறிவித்தார்கள். பின்லாந்திலேயே, அந்நிறுவனத்தின் தாய்நாட்டிலேயே, சாலோ நகரத் தொழிற்சாலையில் 2012-இல் உற்பத்தி நின்றது. கைப்பேசி செய்யும் வேலை ஆசியாவை நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது.

ஆக, 2011-இல் நான் ஒரு நொடியில் "அனுப்பு" என்று சொன்ன அதே ஆண்டில், ருமேனியாவின் அந்தக் கிராமத்திலும் ஒரு தாய்மாமன் தன் மருமகளை எதிர்கொண்டு அழைக்கப் பேருந்து நிலையத்திற்குப் போயிருப்பான். எங்கள் வீட்டில் விளக்கேற்றிய எண்ணெய் யாரோ ஒருவர் வீட்டு விளக்கிலிருந்து வந்தது என்பதை அன்று நான் அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தாலும் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். வறுமை அவ்வளவு தூரம் பார்க்க விடுவதில்லை.

பிறகு காலம் மாறிற்று. வெளிநாடுகளில், குறிப்பாகச் சீனாவில், செய்து வாங்கிய பொருள்களை நாட்டிலேயே செய்ய வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. 2017-இல் பெங்களூரில் ஆப்பிள் நிறுவனத்தின் கைப்பேசியை முதன்முதலாக இந்தியாவில் பூட்டத் தொடங்கினார்கள். 2019-இல் ஸ்ரீபெரும்புதூரிலும் அந்த வேலை தொடங்கிற்று. அதே ஆண்டு, மூடிக் கிடந்த நோக்கியா வளாகத்தை மின்னூட்டிகள் செய்யும் சால்காம்ப் நிறுவனம் வாங்குவதாக அறிவிப்பு வந்தது. 2020-இல் பெருந்தொற்று பரவியபோது, ஒரே நாட்டை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதை உலகமே உணர்ந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் இந்திய அரசு, உற்பத்தியைப் பெருக்கும் மின்னணு நிறுவனங்களுக்கு ஊக்கத்தொகை தரும் திட்டத்தை 40,951 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் அறிவித்தது.

பயன் கண்கூடு. 2014-15-இல் நாட்டில் உற்பத்தியான கைப்பேசிகளின் மதிப்பு ஏறத்தாழ 19,000 கோடி ரூபாய். 2023-24-இல் அது நான்கு இலட்சம் கோடியைக் கடந்தது என்பது மத்திய அரசின் கணக்கு. தமிழ்நாட்டின் மின்னணுப் பொருள் ஏற்றுமதி 2024-25-இல் 1,465 கோடி டாலரைத் தொட்டது. வேறெந்த மாநிலமும் அந்த அளவை எட்டவில்லை. இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களுள் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் நம் மாநிலத்தில் வேலை செய்கிறார்கள். மூடிய கதவு மீண்டும் திறந்தது. "வேலை வீடு திரும்பிவிட்டது" என்று செய்தித்தாள்கள் எழுதின.

நானும் மகிழ்ந்தேன். ஆனால் அந்தச் சொற்களில் ஒன்று மட்டும் என் மனத்தில் முள்ளாகத் தைத்தது. வீடு என்கிறார்களே, எந்த வீடு?

எங்கள் ஊரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். சின்னவள் விடுப்பில் வர வேண்டுமானால் இரவெல்லாம் பேருந்தில் அமர்ந்து வருகிறாள். ஒரு நாள் தங்கி, மறுநாள் இரவே திரும்புகிறாள். ஒரு வாரம் பகல் முறை, ஒரு வாரம் இரவு முறை. பனி மூடிய தெருவில் அவள் விடியற்காலையில் பையுடன் நடந்து வருவதைப் பார்க்கும்போது, நாட்டிற்கு வேலை வந்தது உண்மை. இந்த வீட்டிற்கு வேலை வந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது.

எனக்கு ஒரு பழைய நினைவு. சிறுவனாக இருந்தபோது என் சிற்றப்பாவை வழியனுப்ப நாகப்பட்டினம் துறைமுகத்திற்குப் போயிருக்கிறேன். ராஜூலா என்ற கப்பல் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். படகில் ஏறிப் போய்க் கப்பலில் ஏற வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆள்களை ஏற்றிச் சென்ற அந்தக் கப்பல் 1973-இல் ஓய்வு பெற்றது. கரையில் நின்ற பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார்கள். அன்று வேலை இருந்த இடத்திற்கு மனிதன் போனான். இன்றும் என் தங்கை மகன் சிங்கப்பூரில்தான் இருக்கிறான். கப்பலுக்குப் பதில் விமானம், அவ்வளவே வேறுபாடு. வேலை மனிதனைத் தேடி வருகிறது என்று சொல்லப்படும் இக்காலத்திலும் அது பாதி வழியில் நின்றுவிடுகிறது. மீதி வழியை எங்கள் பெண் பிள்ளைகள் இரவுப் பேருந்தில் கடக்கிறார்கள்.

அங்கே அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே. 2021 டிசம்பரில் அந்த வட்டாரத்தில் ஒரு விடுதியில் தங்கியிருந்த பெண்கள் பலர் உணவு நஞ்சாகி நோயுற்றார்கள். நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுடைய தோழிகள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தார்கள். தொழிற்சாலை சில வாரங்கள் இயங்கவில்லை. உலகமெங்கும் விற்கும் விலையுயர்ந்த பொருளைச் செய்யும் கைகளுக்கு ஒரு பிடி நல்ல சோறு கேட்கச் சாலைக்கு வர வேண்டியிருந்தது. நெல் விளையும் ஊரிலிருந்து போன பிள்ளைகளும் அக்கூட்டத்தில் இருந்திருப்பார்கள் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. ஆனால் அந்த மறியல் வீண் போகவில்லை. விடுதிகளின் நிலையைப் பற்றி நாடே பேசிற்று. 2024 ஆகஸ்டு 17-ஆம் நாள், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய மாபெரும் குடியிருப்பைத் தமிழ்நாடு அரசு 706 கோடி ரூபாய்ச் செலவில் கட்டித் திறந்தது. தலைக்கு மேல் நல்ல கூரை என்பது சிறிய காரியமன்று.

அப்படியானால் டெல்டாவிலேயே தொழிற்சாலைகள் வரட்டுமே என்று நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். அதற்கும் எளிய விடை இல்லை. 2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டத்தை இயற்றிற்று. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களும் அதில் அடங்கும். உலோகம் உருக்கும் ஆலைகள், தோல் பதனிடும் ஆலைகள், கப்பல் உடைக்கும் தொழில், புதிதாக எண்ணெய்யும் எரிவாயுவும் தோண்டுதல் ஆகியவற்றை அந்தச் சட்டம் இங்கே விலக்கி வைத்தது. அது நல்ல சட்டம் என்றே நான் கருதுகிறேன். மண்ணும் நீரும் ஒரு முறை கெட்டால் எந்த ஊக்கத்தொகையும் அவற்றை மீட்டுத் தராது.

ஆயினும், வயலைக் காப்பாற்றிவிட்டோம். வயலை நம்பியவர்களைக் காப்பாற்றினோமா? நடவுக்கு எந்திரம் வந்துவிட்டது, அறுவடைக்கும் எந்திரம். முன்பு என் தங்கையோடு வரிசையாக நின்று நாற்று நட்ட பெண்களுக்கு இப்போது ஆண்டில் சில வாரங்களே வேலை. சட்டம் விலக்கியது கெடுதல் செய்யும் தொழில்களைத்தான். எல்லாத் தொழில்களையும் அன்று. எங்கள் நெல் மூட்டையாகவே வெளியேறுகிறது. அரிசியாக, அவலாக, தவிட்டெண்ணெயாக மாறும் வேலையில் பெரும் பகுதியை இன்னும் இங்கேயே செய்யலாம். இதற்கான ஆராய்ச்சிக்காகவே ஏற்பட்ட நிலையம், இன்று நிஃப்டெம் என்ற பெயரில், தஞ்சாவூரிலேயே உள்ளது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தேங்காய் மட்டை மலையாகக் குவிகிறது. கணினி வேலைக்கென நியோ டைடல் பூங்கா ஒன்று 2024-இல் தஞ்சையில் திறக்கப்பட்டது. அந்த வாயில் போதாது. பட்டம் பெறாத கைகளுக்கும் ஒரு வாயில் வேண்டும்.

தஞ்சை நகரத்திலேயே ஒரு சிறு பாடம் இருக்கிறது. தலையாட்டிப் பொம்மையை அறியாதவர் யார்? புவிசார் குறியீடு பெற்ற கைவினை அது. சந்தைகளில் சீனத்துப் பிளாஸ்டிக் பொம்மைகள் நிறைந்து கிடந்தன. 2020-இல் இந்திய அரசு பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை 20 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாகவும், 2023-இல் 70 விழுக்காடாகவும் உயர்த்திற்று. வெளிப் பொருளுக்குக் கதவை அடைக்க ஒரு கையெழுத்துப் போதும். ஆனால் உள்ளே களிமண்ணும் காகிதக் கூழும் பிசைந்து வண்ணம் தீட்டும் கைகள் மிஞ்சியிருக்க வேண்டுமே! தொழில் திரும்பி வரும் நாளில் அதை அறிந்த கைகள் ஊரில் இல்லாவிட்டால் அது யாரிடம் வந்து சேரும்?

மாட்டுப் பொங்கல் இரவு முழுதும் இவற்றையெல்லாம் எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். இன்னொன்றும் உறுத்திற்று. 2025 மே மாதத்தில், ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசிகளை இந்தியாவில் செய்வது தமக்கு விருப்பமில்லை, அமெரிக்காவில் செய்ய வேண்டும் என்று அந்நாட்டு அதிபர் டிரம்ப் வெளிப்படையாகச் சொன்னார். அவரைக் குறை சொல்லிப் பயன் என்ன? நாம் வீடு திரும்பிற்று என்று கொண்டாடும் அதே வேலையை அவரும் தம் வீட்டிற்குத் திரும்ப அழைக்கிறார். ஒரே பசுவை இரண்டு வீட்டார் தம் கொட்டிலுக்கு ஓட்டப் பார்க்கிறார்கள். பசுவோ புல் எங்கே மலிவு என்று பார்க்கிறது. போகுமிலும் ஜூகுவிலும் நிலைக்காத வேலை இங்கே நிலைக்கும் என்று நான் எந்தத் துணிவில் சொல்வேன்? முன்பு ஒரு முறை துணிந்து சொல்லித்தானே மூத்தவளின் நகை போயிற்று?

காணும் பொங்கலன்று மூத்தவள் தன் கணவரோடும் குழந்தைகளோடும் வந்தாள். ஒரத்தநாட்டுப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். 2018 நவம்பரில் கஜா புயல் அவர்கள் தென்னந்தோப்பைச் சாய்த்தபோது, அவளுடைய தையல் எந்திரம்தான் குடும்பத்தைத் தாங்கிற்று. தொழிற்சாலையிலிருந்து திரும்பிய பிறகு அவள் கற்றுக்கொண்ட தொழில் அது.

சாப்பாடு முடிந்ததும், நான் சொல்லத் தயங்கிய விடையை அவளிடமே கேட்டேன். "அம்மா, நீ சொல். அவள் போகலாமா? பட்டவள் நீ" என்றேன்.

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மாமா, நான் பட்டதற்குக் காரணம் வேலைக்குப் போனது அல்ல. அந்த மூன்று ஆண்டுகள்தான் எனக்குத் துணிச்சல் தந்தன. தனியாகப் பேருந்தில் போக, வங்கியில் கணக்கு வைக்க, அதிகாரியின் முகத்தைப் பார்த்துப் பேச எல்லாம் அங்கேதான் கற்றேன். வேலை என்றைக்கும் இருக்கும் என்று நாம் எல்லோரும் நம்பினோம் பாருங்கள், அதுதான் தவறு" என்றாள்.

பின்னர் தங்கையை அருகில் அமர்த்திக்கொண்டு அவள் சொன்னவற்றை நான் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன். பிள்ளைகளை வெளியூருக்கு வேலைக்கு அனுப்பும் குடும்பங்களுக்கு அவை பயன்படும் என்பதால் இங்கே தருகிறேன்.

வேலைக்கு வைத்திருப்பது நிறுவனமா, ஒப்பந்ததாரரா என்பதை நியமனக் கடிதத்தைப் பார்த்து அறிந்துகொள். ஒவ்வொரு மாதச் சம்பளச் சீட்டையும் பத்திரப்படுத்து. வருங்கால வைப்பு நிதி எண் உன் பெயரில் இருக்கிறதா, பணம் மாதந்தோறும் சேர்கிறதா என்று நீயே பார். ஈ.எஸ்.ஐ. அட்டையைக் கையில் வைத்துக்கொள். ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்காதே. சோதனைப் பிரிவு, எந்திரப் பராமரிப்பு என்று கேட்டு மாற்றிக்கொண்டு போ. நாளை வேறொரு வாசலில் சொல்லிக்கொள்ள ஒரு தொழில் உன் கையில் இருக்க வேண்டும். ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியே சேர்த்து வை. சாப்பாடு சரியில்லை என்றால் முதல் நாளே சொல். ஒருத்தியாகச் சொல்லாதே, பத்துப் பேராகச் சேர்ந்து சொல். கடைசியாக ஒன்று சொன்னாள், அதைச் சொல்லும்போது அவள் தன் தாயைப் பார்த்தாள்: "இவள் சம்பளத்தைக் காட்டி யாரும் கடன் வாங்கக் கூடாது."

என் தங்கை தலை குனிந்தாள். நானும்தான்.

சின்னவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "நீ என்னம்மா நினைக்கிறாய்?" என்று அவளிடம் கேட்டேன். எங்களுள் ஒருவரும் அதுவரை அவளை அந்தக் கேள்வி கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மாமா, இன்னும் இரண்டு ஆண்டுகள் போகிறேன். பரிசோதனைப் பிரிவுக்கு மாற்றிக் கேட்டிருக்கிறேன். அதற்குள் அஞ்சல் வழியில் ஆசிரியப் படிப்புக்கும் வழி பார்க்கிறேன். வேலை அங்கே இருக்கும்வரை நான் இருக்கிறேன். அது போனால் நான் அழுதுகொண்டு வர மாட்டேன்" என்றாள். பிறகு தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்கேயே ஒரு தொழிற்சாலை வந்தால் அன்றைக்கே வந்துவிடுகிறேன் அம்மா" என்றாள்.

மறுநாள் இரவு அவளை வழியனுப்பத் தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்திற்குப் போனேன். பொங்கல் முடிந்து திரும்பும் கூட்டம். எங்கு பார்த்தாலும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண்கள். தோளில் பை, கையில் முறுக்கும் அதிரசமும் நிறைந்த தூக்குவாளி. அவர்களுக்கு அருகில், என்னைப் போலவே வேட்டி கட்டிய தகப்பன்மார், மாமன்மார். ஒருவரையொருவர் அறியோம், ஆனால் எல்லோர் முகத்திலும் ஒரே எழுத்து எழுதியிருந்தது. நாகப்பட்டினத்துக் கடற்கரையில் அன்று நான் கண்ட முகங்களும் அவைதாம்.

அன்பு வாசகர்களே, தொழில் நாட்டிற்குத் திரும்பியது நன்மையே. அதை மறுப்பவன் நன்றி கெட்டவன். ஆனால் அந்தத் தொழிலில் கை வைத்திருக்கும் பெண் எங்கே உறங்குகிறாள், என்ன உண்கிறாள், அது மறுபடியும் புறப்பட்டுப் போகும் நாளில் அவள் கையில் என்ன மிஞ்சும் என்று கேட்கும் கடமை ஆட்சியாளருக்கு மட்டுமன்று. அவளுடைய சம்பளத்தில் பொங்கலிடும் நமக்கும் உண்டு.

வீட்டிற்குத் திரும்பியபோது நடுநிசி கடந்திருந்தது. தங்கை திண்ணை விளக்கை அணைக்காமல் விழித்திருந்தாள். "பெரியவளுக்குச் சொன்னதைத்தானே இவளுக்கும் சொல்லி அனுப்பினீர்கள் அண்ணே?" என்று கேட்டாள்.

"இல்லையம்மா. இம்முறை அவள் சொன்னாள், நான் கேட்டுக்கொண்டேன்" என்றேன்.